வீட்டுக் கணினியின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்குக் கொடுப்பது எப்படி? – முழுமையான வழிகாட்டி

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திலேயே வெறுத்துப்போகிறார்கள். மென்பொருளை இறக்குகிறார்கள், கண்ணில் பட்ட ஆராய்ச்சித் திட்டத்தில் சேர்கிறார்கள், பத்து நிமிடத்தில் கணினியின் ஃபேன் இரைய ஆரம்பிக்கிறது, பயந்துபோய் எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் அப்படித்தான் போன் செய்தான்: "அண்ணா, லேப்டாப்பைத் தொட முடியல, அவ்ளோ சூடு. வைரஸ் ஏதாச்சும் ஏத்திட்டேனா?"

வைரஸ் இல்லை. வரிசை மாறிவிட்டது. எவ்வளவு உழைக்கலாம் என்ற எல்லையைக் கணினிக்கு முதலில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் திட்டத்தில் சேர வேண்டும். அவன் முதலில் சேர்ந்துவிட்டான்.

அவன் நீக்கியதோடு விஷயம் முடியவும் இல்லை. அவன் லேப்டாப்புக்கு ஆராய்ச்சி மையம் அனுப்பியிருந்த எட்டு டாஸ்க்குகளும், அதாவது சின்னக் கணக்குத் துண்டுகளும், கெடு தேதி வரும்வரை யாரிடமும் போகாமல் அப்படியே நின்றன. ஒரே கணக்கைப் பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு அனுப்புவார்கள்; அதே கணக்கை ஏற்கெனவே முடித்து அனுப்பிவிட்ட யாரோ ஒருவர், ஒப்பிட்டுப் பார்க்க ஜோடி விடை வராததால் காத்துக்கொண்டிருந்தார். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு படியும் இரண்டு விஷயங்களுக்காக: உங்கள் கணினிக்கும் வீட்டுக்கும் தொந்தரவு வரக் கூடாது, வாங்கிய வேலை முடிந்து திரும்பிப் போக வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது பாயிங்க் என்ற மென்பொருள். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் உருவாக்கியது, இலவசம். பெரிய கணக்கு ஒன்றை ஆராய்ச்சி மையம் லட்சக்கணக்கான சின்னத் துண்டுகளாக நறுக்கி சர்வரில் வைத்திருக்கும். உங்கள் கணினி ஒரு துண்டை இறக்கி, கணக்குப் போட்டு, விடையைத் திருப்பி அனுப்பும். அந்தத் துண்டுதான் டாஸ்க். நான் விண்டோஸை வைத்துச் சொல்கிறேன். லினக்ஸிலும் மேக்கிலும் மெனுக்கள் ஏறக்குறைய இதேதான்.

1. எந்தக் கணினி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

டெஸ்க்டாப் இருந்தால் டெஸ்க்டாப்தான். அதில் காற்றுப் போக இடம் உண்டு, ஃபேன் பெரிது, தூசியைத் தட்டுவதும் சுலபம். லேப்டாப்பிலும் செய்யலாம், ஆனால் நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடுவதற்காக அதை யாரும் வடிவமைப்பதில்லை. லேப்டாப் மட்டும்தான் இருக்கிறது என்றால், இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் எண்களில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை மேலோ சோபா மேலோ வைத்து ஓட்டவே வேண்டாம். அடிப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபட்டுவிடும்.

நினைவகம் 8 ஜிபியாவது இருக்கட்டும். 4 ஜிபி இருந்தால் விண்டோஸே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். டாஸ்க்குகள் 'வெயிட்டிங் ஃபார் மெமரி' என்று சொல்லிக்கொண்டு நிற்கும். ஹார்ட் டிஸ்கில் 10 ஜிபி காலியாக இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.

அலுவலகக் கணினி, கல்லூரி ஆய்வகக் கணினி இவற்றில் எழுத்தில் அனுமதி வாங்காமல் நிறுவாதீர்கள். நல்ல காரியம்தானே என்று நினைத்து நிறுவுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்சாரமும் இணையமும் அவர்களுடையது. மாட்டிக்கொண்டால் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்.

2. தூசி, சூடு – மென்பொருளைத் தொடும் முன்

பெரும்பாலானவர்கள் தாண்டிப் போகும் படி இது. என்னைக் கேட்டால், இதைச் செய்யாதவர்கள் மற்ற எதையும் செய்ய வேண்டாம்.

சாதாரணமாக உலாவும்போதும் படம் பார்க்கும்போதும் கணினியின் பிராசஸர் பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். அதனால் உள்ளே எவ்வளவு தூசி அடைந்திருந்தாலும் வெளியே தெரியாது. மணிக்கணக்கில் கணக்குப் போட வைக்கும்போதுதான் தெரியும்.

என் டெஸ்க்டாப்பின் பக்கவாட்டுத் தகட்டை முதல் தடவை கழற்றியபோது, பிராசஸர் ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்திருந்தது. விரல் நகத்தால் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வந்தது. ஆறு வருடத் தூசி. அதை எடுப்பதற்கு முன் முழு வேலையில் 92 டிகிரி காட்டிய பிராசஸர், எடுத்த பிறகு 76 டிகிரி காட்டியது. வேறு எதையும் மாற்றவில்லை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மின்சாரத்தை அணைத்து, வயரைப் பிடுங்கி, பெட்டியை மொட்டை மாடிக்கோ பால்கனிக்கோ எடுத்துப் போங்கள். காய்ந்த பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். ஊதும்போது ஃபேன் சுற்றாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். வேகமாகச் சுழலவிட்டால் அதன் பேரிங் கெடும். லேப்டாப்பைத் திறக்கப் பழக்கமில்லாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுத்துச் சுத்தம் செய்துகொள்ளலாம்.

அடுத்து, சூட்டைப் பார்க்க ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் வெப்பநிலையைக் காட்டாது. கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ இன்ஃபோ, இரண்டில் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பின்னால் ஒப்பிட அது வேண்டும்.

எந்த எண் சரி? பிராசஸருக்குப் பிராசஸர் மாறும். நான் வைத்திருக்கும் கோடு 80 டிகிரி. அதைத் தாண்டினால் வேலையைக் குறைக்கிறேன். 95, 100 வரை தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்லலாம். அது எப்போதாவது தொட்டுவிட்டு இறங்குவதற்கான எல்லை. மாதக்கணக்கில் அங்கேயே நிற்க வைப்பதற்கு இல்லை. இன்னொன்று, அறையின் சூடு 10 டிகிரி ஏறினால் பிராசஸரும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். டிசம்பரில் சோதித்துப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டுக் கத்திரி வெயிலில் அதே அமைப்பில் ஓட்டக் கூடாது.

3. மின்கட்டணத்தை முன்கூட்டியே கணக்குப் பாருங்கள்

ஓய்வு நேரம்தான் என்றாலும் மின்சாரம் சும்மா வருவதில்லை. வீட்டில் பில் கட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

மின்சார மீட்டர் ஒன்றைச் சொருகி என் டெஸ்க்டாப்பை அளந்தேன். சும்மா ஓடும்போது 45 வாட், பிராசஸரில் பாதி கணக்குப் போடும்போது 95 வாட். கூடுதல் 50 வாட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றால் 0.4 யூனிட், 60 நாளுக்கு 24 யூனிட். நாள் முழுக்க ஓட்டினால் 60 நாளுக்கு 72 யூனிட், கூடவே அது சும்மா கிடந்தாலும் இழுக்கும் அந்த 45 வாட்டும் சேரும். கணினி ஏற்கெனவே எதற்காகவோ ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கொடுப்பது மலிவு. இதற்காகவே ராத்திரி முழுக்க விட்டுவைப்பது செலவு. இந்த வித்தியாசம் புரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, படிப்படியாக ஏறும் விலையில் கணக்கிடப்படுகிறது. கூடுதல் யூனிட் சேரும்போது உங்கள் வீடு மேல்படிக்குப் போய்விடக்கூடும். பழைய பில்கள் இரண்டு மூன்றை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். விளிம்பிலேயே இருந்தால் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

4. நிறுவுங்கள், ஆனால் திட்டத்தில் சேராதீர்கள்

பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பாயிங்க் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு பதிவிறக்கத் தளங்களில் எடுத்தால் கூடவே எது வருகிறது என்று தெரியாது. இறக்கும் பக்கத்தில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இன்னொரு மென்பொருளும் சேர்ந்த தொகுப்பு இருக்கும். அது சில திட்டங்களுக்கு மட்டும் தேவை. இப்போது வெறும் பாயிங்க் போதும்.

நிறுவும்போது இரண்டு இடத்தில் கவனம். ஸ்கிரீன்சேவர் வேண்டுமா என்று கேட்கும், டிக்கை எடுத்துவிடுங்கள். அழகான படம் காட்டும், ஆனால் அந்தப் படத்தை வரைவதற்கும் கணினிதான் உழைக்க வேண்டும். அடுத்தது சர்வீஸாக, அதாவது விண்டோஸின் பின்னணி வேலையாக, நிறுவும் தேர்வு. அதையும் தொட வேண்டாம். அப்படி நிறுவினால் பிறகு கிராஃபிக்ஸ் கார்டைப் பயன்படுத்த முடியாமல் போகும்.

நிறுவி முடித்ததும் பாயிங்க் தானாகத் திறந்து, எந்தத் திட்டத்தில் சேர்கிறீர்கள் என்று கேட்கும். 'கேன்சல்' அழுத்துங்கள். பக்கத்து வீட்டுத் தம்பி தடுக்கி விழுந்தது இந்தத் திரையில்தான். இங்கே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுத்த அடுத்த சில நிமிடங்களில் டாஸ்க்குகள் இறங்கி, அமைப்பு எதுவும் மாற்றாததால், பிராசஸரின் எல்லாப் பகுதிகளையும் பிடித்துக்கொள்ளும்.

5. எல்லைகளைப் போடுங்கள்

'வியூ' மெனுவில் 'அட்வான்ஸ்ட் வியூ' எடுங்கள். எளிய தோற்றத்தில் பாதி விஷயம் மறைந்திருக்கும். பிறகு 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'கம்ப்யூட்டிங் பிரிஃபரன்சஸ்'. பக்கம் நிறைய எண்கள் இருக்கும், பயப்பட வேண்டாம். மாற்ற வேண்டியவை சில மட்டுமே.

எத்தனை சதவீதம் பிராசஸர்: 'யூஸ் அட் மோஸ்ட்' என்று ஆரம்பிக்கும் வரி, 'ஆஃப் த சிபியூஸ்' என்று முடியும். இதில் 50 போடுங்கள். உங்கள் பிராசஸரில் 8 த்ரெட் (ஒரே நேரத்தில் தனித்தனி வேலை ஓடக்கூடிய பாதைகள்) இருந்தால் 4 டாஸ்க் ஒரே நேரத்தில் ஓடும். லேப்டாப்புக்கு 25.

எத்தனை சதவீதம் நேரம்: அதற்கு அடுத்த வரி, 'ஆஃப் சிபியூ டைம்' என்று முடியும். இதை 100-லேயே விடுங்கள். சூட்டைக் குறைக்க வேண்டும் என்றதும் எல்லோரும் இதில்தான் கை வைக்கிறார்கள். 50 போட்டால் பாயிங்க் மெதுவாக ஓடாது. சில நொடி முழு வேகத்தில் ஓடி, சில நொடி நிற்கும், மறுபடி ஓடும். ஃபேன் மூச்சிரைப்பது மாதிரி ஏறி இறங்கும், சூடும் அப்படியே. சூட்டைக் குறைக்க மேலே உள்ள முதல் எண்ணைக் குறையுங்கள்.

பேட்டரியில் இருக்கும்போது நிறுத்து: டிக் இருக்கட்டும்.

கணினியைப் பயன்படுத்தும்போது நிறுத்து: பழைய கணினி என்றால் டிக் போடுங்கள். கீபோர்டையோ மவுஸையோ தொட்டதும் நின்று, நீங்கள் எழுந்து போன சில நிமிடத்தில் தானாகத் தொடரும். புதிய கணினியில் தேவைப்படாது. டாஸ்க்குகள் மிகக் குறைந்த முன்னுரிமையில் ஓடுவதால், நீங்கள் திறக்கும் எதற்கும் அவை வழிவிடும்.

நிறுத்தியிருக்கும்போதும் நினைவகத்தில் வைத்திரு: நினைவகம் 8 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் டிக் போடுங்கள். இந்த டிக் இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் டாஸ்க் நினைவகத்திலிருந்து வெளியேறிவிடும். கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்துதான் மறுபடி தொடங்கும். அடிக்கடி கணினியைத் தொடுகிறவர்களுக்குப் பாதி உழைப்பு இதிலேயே வீணாகும்.

வேலைச் சேமிப்பு: எத்தனை நாளுக்கான டாஸ்க்கை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம் என்று இரண்டு கட்டங்கள் இருக்கும். முதலில் 0.1, இரண்டாவதில் 0.5 இருந்தால் அப்படியே விடுங்கள். 'நெட் போயிடுமோ' என்று 10 நாளுக்கு வாங்கி வைக்கிறவர்கள் உண்டு. வாங்கி வைத்ததும் கெடுவின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் இயங்கும் கணினியால் அத்தனையும் முடிக்க முடியாது.

நெட்வொர்க் பக்கத்தில், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் மட்டும் ஒரு வரம்பு போட்டுக்கொள்ளுங்கள். சில திட்டங்கள் ஆரம்பத்திலேயே நூற்றுக்கணக்கான எம்பி இறக்கும். நேர அட்டவணைப் பக்கத்தில் எந்த மணியிலிருந்து எந்த மணி வரை ஓடலாம் என்று சொல்லலாம். ஏசி இல்லாத அறை என்றால் கோடையில் இரவு 10 முதல் காலை 7 வரை வைப்பது நல்ல பழக்கம்.

'சேவ்' அழுத்துங்கள். இதே அமைப்புகள் திட்டங்களின் இணையதளத்திலும் இருக்கும். கணினியில் நீங்கள் சேமித்ததுதான் அந்தக் கணினிக்குப் பொருந்தும். தளத்தில் எதை மாற்றினாலும் இங்கே ஏறாது. 'மாத்திட்டேன், ஆனா மாறவே இல்ல' என்று வரும் கேள்விகளில் பாதிக்கு இதுதான் பதில்.

6. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளுக்கு

பேட்டரியில் நிறுத்து என்று டிக் போட்டாயிற்றே, கரண்ட் போனால் தானாக நின்றுவிடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஒரு மே மாத இரவில் கரண்ட் போனது. கணினி இருந்த பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருந்தது. இன்வெர்ட்டர் கொடுப்பதும் கணினிக்கு மின்வாரியக் கரண்ட் மாதிரியேதான் தெரியும். லேப்டாப்பாக இருந்தாலும் அடாப்டரில் மின்சாரம் வந்துகொண்டே இருப்பதால் பேட்டரிக்கு மாறியதாக அது நினைக்காது. பாயிங்க் நிற்கவில்லை. இரண்டு மணிக்கு இன்வெர்ட்டர் கத்தி ஓய்ந்தது, எல்லா அறையிலும் மின்விசிறி நின்றது. அம்மா எழுந்து ஹாலுக்கு வந்து உட்கார்ந்துகொண்டு விடியும்வரை விசிறி மட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். அதற்கு அடுத்த நாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கணினியின் பிளக்கை இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்துவிட்டேன்.

நீங்களும் அதையே செய்யுங்கள். கணினிக்கென்று சின்ன யூபிஎஸ் இருந்தால் அது ஒழுங்காக அணைக்க நேரம் கொடுக்கும், அது போதும். கரண்ட் திடீரென்று போய்க் கணினி அணைந்தாலும் டாஸ்க் முழுவதும் அழிந்துவிடாது. பெரும்பாலான டாஸ்க்குகள் அவ்வப்போது தங்கள் நிலையைச் சேமித்துக்கொள்ளும், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும்.

7. ஒரே ஒரு திட்டத்தில் சேருங்கள்

ஆர்வத்தில் ஐந்தாறு திட்டங்களில் ஒரே நாளில் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொன்றும் டாஸ்க் அனுப்பும், கெடுக்கள் ஒன்றோடொன்று மோதும், எது சூட்டுக்குக் காரணம் என்றே கண்டுபிடிக்க முடியாது.

புதியவர்களுக்கு நான் சொல்வது ஐன்ஸ்டைன் அட் ஹோம். ஜெர்மனியின் ஹனோவரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் ஈர்ப்பு இயற்பியல் நிறுவனமும் அமெரிக்காவின் விஸ்கான்சின்–மில்வாக்கி பல்கலைக்கழகமும் சார்ந்த திட்டம். சுழலும் நியூட்ரான் விண்மீன்களைத் தேடுவது வேலை. லைகோ கருவிகளின் ஈர்ப்பலைத் தரவு, ஃபெர்மி விண்கலத்தின் காமா கதிர்த் தரவு, ரேடியோ தொலைநோக்கிகளின் பதிவுகள் இவற்றில் சீரான துடிப்பு ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று உங்கள் கணினி சலித்துப் பார்க்கும். 2010-இல் அரெசிபோ தொலைநோக்கியின் பழைய தரவிலிருந்து வீட்டுக் கணினிகள் ஒரு புதிய பல்சரையே, அதாவது துடிப்புகளை அனுப்பும் நியூட்ரான் விண்மீன் ஒன்றையே, கண்டுபிடித்தன.

அதைச் சொல்வதற்குக் காரணம் பல்சர் மட்டுமல்ல. இந்தத் திட்டத்தில் பெரும்பாலும் எப்போதும் வேலை இருக்கும், கெடு வழக்கமாக 14 நாள், சாதாரணக் கணினியே போதும். தினம் நாலு மணி நேரம் மட்டும் கணினியைப் போடுகிறவர்களும் நிம்மதியாக முடிக்கலாம்.

மருத்துவ ஆராய்ச்சிக்குத்தான் கொடுப்பேன் என்பவர்களுக்கு வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட் இருக்கிறது. ஐபிஎம் 2004-இல் தொடங்கியது, இப்போது டொரன்டோவின் கிரெம்பில் ஆய்வு நிறுவனம் நடத்துகிறது. சில நேரம் டாஸ்க் வராமல் காத்திருக்க வேண்டி வரும். புரதங்கள் மடிவதை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோமைப் பாயிங்க் பட்டியலில் தேடிக் களைத்தவர்கள் பலர். அது பாயிங்கில் இல்லை. அதற்குத் தனி மென்பொருள். இரண்டையும் ஒரே கணினியில் ஓட்டினால் ஒன்று இருப்பது மற்றதற்குத் தெரியாது, இரண்டும் சேர்ந்து முழு பிராசஸரையும் பிடித்துக்கொள்ளும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகமான செர்னின் எல்ஹெச்சி அட் ஹோம் பெயர் கவர்ச்சியானதுதான். அதன் பல டாஸ்க்குகளுக்கு விர்ச்சுவல்பாக்ஸ் வேண்டும், நினைவகமும் நிறைய தின்னும். மூன்று மாதம் கழித்துப் பாருங்கள்.

சேர்வது எளிது. 'டூல்ஸ்' மெனுவில் 'ஆட் ப்ராஜெக்ட்', பட்டியலில் திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சலும் புதிய கடவுச்சொல்லும் கொடுங்கள். மின்னஞ்சலின் கடவுச்சொல்லையே இங்கும் கொடுக்க வேண்டாம். நாளைக்கு இன்னொரு திட்டத்தில் சேர்ந்தால் இதே மின்னஞ்சலைக் கொடுங்கள். அப்போதுதான் எல்லாத் திட்டங்களிலும் நீங்கள் ஒரே ஆளாகக் கணக்கில் வருவீர்கள். யாராவது சேர்வதற்குப் பணமோ கார்டு எண்ணோ கேட்டால் அது இந்தத் திட்டம் இல்லை, வெளியே வந்துவிடுங்கள்.

8. முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்

முதலில் பாயிங்க் உங்கள் பிராசஸரின் வேகத்தை அளந்து பார்க்கும். அந்த நேரத்தில் டாஸ்க்குகள் நிற்கும், கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிறகு கோப்புகள் இறங்கி, 'டாஸ்க்ஸ்' பக்கத்தில் ஒவ்வொரு வரியாக 'ரன்னிங்' என்று மாறும்.

இப்போது வெப்பநிலை மென்பொருளைத் திறந்து வையுங்கள். முதல் இருபது நிமிடம் சூடு ஏறிக்கொண்டே போகும், அப்புறம் ஓரிடத்தில் நிற்கும். நிற்கும் எண்தான் முக்கியம். 80-க்கு மேல் நின்றால் பிராசஸர் சதவீதத்தைக் குறைத்து, மறுபடி இருபது நிமிடம் பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் கொஞ்சம் ஏற்றலாம், ஆனால் ஒரு த்ரெட்டையாவது உங்களுக்கு விட்டு வையுங்கள். எல்லாவற்றையும் கொடுத்தால் பிரவுசர் இழுக்கும், ரெண்டு நாளில் உங்களுக்கே எரிச்சல் வரும்.

மீதி நேரம் என்று காட்டுவதை முதல் சில டாஸ்க்குகள் வரை நம்பாதீர்கள். உங்கள் கணினி எவ்வளவு வேகம் என்று சர்வருக்கு இன்னும் தெரியாது.

விண்டோஸின் தூக்க அமைப்பையும் இப்போதே பாருங்கள். கணினி தூங்கினால் டாஸ்க்கும் தூங்கும். ஓட வேண்டிய நேரத்தில் திரை மட்டும் அணையட்டும், கணினி விழித்திருக்கட்டும்.

9. முதல் வாரத்தில் வரும் குழப்பங்கள்

'ரெடி டு ரிப்போர்ட்' என்று நிற்கிறது. விடை போய்விட்டது, முடிந்தது என்று சொல்ல வேண்டியது மட்டும் பாக்கி. பாயிங்க் கொஞ்சம் சேர்த்து வைத்து ஒரேயடியாகச் சொல்லும். பொறுங்கள். 'அப்டேட்' பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் சர்வருக்குச் சுமை, உங்களுக்கு லாபம் இல்லை.

முடித்து அனுப்பியும், முடித்த வேலைக்குத் திட்டம் தரும் புள்ளி ஏறவில்லை. ஒரே டாஸ்க்கைப் பெரும்பாலும் இரண்டு வீடுகளுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்பார்கள். மற்றவர் முடிக்கும்வரை 'பெண்டிங்' என்று இருக்கும். யாரோ ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் விலகியிருந்தால் இரண்டு வாரம் கூட ஆகும். இந்தப் புள்ளிகளுக்குப் பண மதிப்பு கிடையாது.

'சஸ்பெண்டட் – சிபியூ இஸ் பிஸி' என்று அடிக்கடி வருகிறது. வேறு ஏதோ மென்பொருள் பிராசஸரை எடுத்துக்கொள்கிறது. பெரும்பாலும் ஆன்டிவைரஸ்தான். டாஸ்க் எழுதும் கோப்புகளை ஓயாமல் சோதித்துக்கொண்டிருக்கும், சில நேரம் கணக்குப் போடும் நிரலையே பிடித்து அடைத்தும் விடும். பாயிங்கின் தரவு ஃபோல்டரை மட்டும் ஆன்டிவைரஸின் விலக்குப் பட்டியலில் சேருங்கள். ஆன்டிவைரஸை முழுதாக அணைக்காதீர்கள்.

டாஸ்க்குகள் வரிசையாகச் சில நொடியில் 'கம்ப்யூட்டேஷன் எரர்' என்று விழுகின்றன. இது கவனிக்க வேண்டியது. உடனே 'ப்ராஜெக்ட்ஸ்' பக்கத்தில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்துங்கள். பிழை செய்யும் கணினிக்குச் சர்வர் டாஸ்க் தருவதைக் குறைத்துக்கொண்டே வரும். பிறகு 'டூல்ஸ்' மெனுவில் 'ஈவென்ட் லாக்' திறந்து, என்ன சொல்கிறது என்று படியுங்கள். நான் பார்த்த காரணங்கள்: ஆன்டிவைரஸ், சூடு, வேகத்தைக் கூட்டி வைத்த பிராசஸர், பழுதான நினைவகப் பட்டை. கடைசியது விளையாடும்போது கூடத் தெரியாது, கணக்கில் காட்டிக்கொடுத்துவிடும்.

எது பிரச்சினை என்றாலும் 'ரீசெட் ப்ராஜெக்ட்' பொத்தானை அழுத்தும் பழக்கம் வேண்டாம். கையில் இருக்கும் எல்லா டாஸ்க்கும் தூக்கி எறியப்படும், தரவுக் கோப்புகளை முதலிலிருந்து இறக்க வேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

10. கிராஃபிக்ஸ் கார்டு – ஒரு மாதம் கழித்து

தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அது பிராசஸரைவிடப் பல மடங்கு வேகமாகக் கணக்குப் போடும். அதற்கேற்ற மின்சாரத்தையும் குடிக்கும். 100, 150 வாட் கூடுதலாகப் போவது சாதாரணம். பிராசஸர் ஒரு மாதம் தொந்தரவில்லாமல் ஓடிய பிறகு, 3-ஆவது படியின் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அதுவரை 'ஆக்டிவிட்டி' மெனுவில் கிராஃபிக்ஸ் கார்டை நிறுத்தி வைக்கலாம்.

பாயிங்க் கார்டைக் கண்டுகொள்ளவே இல்லை என்றால், விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவர்தான் பெரும்பாலும் காரணம். கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து முழு டிரைவரை நிறுவுங்கள். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸை ஓட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பிராசஸரின் சூட்டோடு அதன் சூடும் ஒரே இடத்தில் சேர்கிறது, கிடைக்கும் பலன் அதற்கு ஈடாக இல்லை.

11. இரண்டாவது திட்டம்

இரண்டு திட்டங்களுக்கு நடுவே கணினியின் உழைப்பைப் பிரிப்பது 'ரிசோர்ஸ் ஷேர்' என்ற எண். அதைச் சதவீதம் என்று நினைப்பது பொதுவான தவறு. அது பங்கு. ஒரு திட்டத்துக்கு 100, மற்றதற்கு 50 என்றால், மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பங்கு என்று பிரியும். அதுவும் நாள்கணக்கில் சராசரியாகத்தான். இந்த நிமிடம் ஒன்று மட்டும் ஓடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம்.

இரண்டாவது திட்டத்துக்கு 0 போட்டால், முதல் திட்டத்தில் வேலை இல்லாதபோது மட்டும் அதற்கு டாஸ்க் வாங்கும். வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்டை முதலாவதாக வைத்து, ஐன்ஸ்டைனுக்கு 0 போட்டு வைத்தால் கணினி சும்மா இருக்காது. இந்த எண்ணைத் திட்டத்தின் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் மாற்ற வேண்டும்.

12. நிறுத்தும்போது இந்த வரிசை

கணினியை விற்கிறீர்கள், விண்டோஸை மறுபடி நிறுவப் போகிறீர்கள், அல்லது போதும் என்று தோன்றுகிறது. எதுவானாலும் நேராக மென்பொருளை நீக்காதீர்கள்.

முதலில் 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்துங்கள். கையில் இருப்பவை முடியட்டும், ஓரிரு நாள் ஆகலாம். அவ்வளவு நேரம் இல்லையென்றால், இன்னும் தொடங்காத டாஸ்க்குகளைத் தேர்ந்தெடுத்து 'அபார்ட்' கொடுங்கள். அப்படிச் செய்வது தவறு என்று பலர் தயங்குகிறார்கள். கெடு வரை பிடித்து வைத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல், சர்வர் உடனே வேறொருவருக்கு அனுப்பிவிடும். எல்லாம் முடிந்ததும் 'அப்டேட்' ஒரு தடவை அழுத்தி, பட்டியல் காலியாகிவிட்டதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு 'ரிமூவ்', அதற்கும் பிறகு மென்பொருளை நீக்குவது.

உங்கள் கணக்கும் புள்ளிகளும் தளத்தில் அப்படியே இருக்கும். அதே மின்னஞ்சலோடு எப்போது வேண்டுமானாலும் திரும்பலாம். நான் ஒவ்வொரு ஏப்ரல் மாதமும் 'நோ நியூ டாஸ்க்ஸ்' அழுத்திவிட்டு, பெட்டியைத் திறந்து தூசி தட்டி மூடி வைக்கிறேன். ஜூலையில் காற்று மாறியதும் 'அலவ் நியூ டாஸ்க்ஸ்'. பக்கத்து வீட்டுத் தம்பியின் லேப்டாப்பும் 25 சதவீதத்தில், ராத்திரியில் மட்டும், இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது; போன வாரம் பார்த்தபோது 71 டிகிரி.